செய்தி சாய்ந்திருக்கிறதா, என் பார்வை சாய்ந்திருக்கிறதா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம், பிளஸ் டூ, 17 வயது. கோயில், குடும்பம், பெரியவர்களிடம் மரியாதை, நாட்டுப்பற்று ஆகியவை காப்பாற்றப்பட வேண்டியவை என்று நம்புகிறீர்கள். வகுப்பில் அதைச் சொன்னால் ஒரு கட்சியின் முத்திரையைக் குத்திச் சிரிக்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் உங்களைப் போல் நினைப்பவர்கள் கோமாளிகளாகவே வருகிறார்கள். வயது ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் தமிழாசிரியர். செய்தியாளர்கள் எல்லாரும் விலைபோய்விட்டார்கள், இனி யூடியூப் மட்டும் போதும் என்று முடித்திருக்கிறீர்கள். மேலே நீங்கள் கேட்டிருப்பது, ஊடகங்கள் ஏன் இவ்வளவு சாய்வாக இருக்கின்றன என்பது. ஆனால் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: 'அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?' உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். 17 வயதில் அதைக் கேட்பவர்கள் குறைவு.

நாளிதழ் ஒன்றின் மதுரைப் பதிப்பில் 27 ஆண்டுகள் துணையாசிரியராக இருந்தேன். நிருபர் அனுப்பும் செய்தியைத் திருத்துவது, தலைப்பு போடுவது, எந்தப் பக்கத்தில் எத்தனை பத்தி இடம் என்று முடிவு செய்வது என் வேலை. அச்சுச் செய்தி எப்படி உருவாகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். தொலைக்காட்சியை நானும் உங்களைப் போல வெளியிலிருந்து பார்த்தவன்தான். மனம் எப்படி வேலை செய்கிறது என்று கீழே சொல்லப்போவது படித்துத் தெரிந்துகொண்டது.

மரபைக் காக்க நினைப்பது வயதோடு தீரும் காய்ச்சல் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் அதற்கு நீண்ட அரசியல் வரலாறு உண்டு. ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கிய 1959ஆம் ஆண்டில் அவருக்கு 80 வயது. தொழில் தொடங்க அரசின் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்கும் முறையை எதிர்த்தார், சொத்துரிமைக்காக வாதாடினார். 1967 மக்களவைத் தேர்தலில் அந்தக் கட்சி 44 இடங்களில் வென்றது. அதே தேர்தலில் இங்கே அது தி.மு.க.வோடு கூட்டணியில் இருந்தது. பக்தியில் ஊறிய ராஜாஜியும் பெரியாரிடம் அரசியல் பயின்ற அண்ணாவும் கைகோத்த மண் இது. வலது, இடது என்பவை 1789இல் பிரான்சின் மன்றத்தில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வந்த சொற்கள். அவற்றை இங்கே அப்படியே ஒட்டினால் பாதிப் பேர் எந்தப் பக்கத்திலும் அடங்க மாட்டார்கள்.

உங்கள் பட்டியலில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. எட்டுக் கருத்துகள் எழுதியிருக்கிறீர்கள். கோயில் நிர்வாகம், திருப்பரங்குன்றம், ஜல்லிக்கட்டு, இலவசத் திட்டங்கள், ஊர்களைப் பற்றிய செய்திகள் ஆகிய ஐந்தும் உங்களைச் சுற்றி நடப்பவை. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை, கருக்கலைப்பு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் போக்கு ஆகிய மூன்றும் அமெரிக்கர்களின் சண்டை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. கருக்கலைப்புக்கான சட்டம் 1971லேயே வந்துவிட்டது. திருமங்கலத்தில் ஓட்டுக் கேட்டு வருகிற யாரும் இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. அமெரிக்க அரசியலை அறிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் அந்த மூன்றையும் எழுதும்போது உங்கள் வரிகள் வேறு யாரோ பேசுவதைப் போல இருக்கின்றன. மற்ற ஐந்தில் உங்கள் குரலே கேட்கிறது.

இனி சாய்வு. இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். சன் டிவி 1993இல் வந்தது, அதை நடத்துவது தி.மு.க. தலைமையின் உறவுக் குடும்பம். ஜெயா டிவி 1999இல் அ.தி.மு.க. சார்பில் வந்தது. மக்கள் தொலைக்காட்சி 2006, பா.ம.க. கலைஞர் தொலைக்காட்சி 2007. அச்சில் முரசொலி, விடுதலை, தீக்கதிர், ஜனசக்தி, விஜயபாரதம் என்று ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் ஏடு உண்டு. இவர்கள் யாரும் சார்பை ஒளித்துவைக்கவில்லை என்பதால் இவர்களால் பெரிய ஆபத்து இல்லை. கட்சி சாராதவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஏடுகளில்தான் கவனம் வேண்டும். அங்கே சாய்வு விளம்பரத்தின் வழியாக வரும். மாநில அரசின் விளம்பரமும் மத்திய அரசின் விளம்பரமும் பல ஏடுகளுக்கு முக்கிய வருமானம். அதை நிறுத்தினால் அடுத்த மாதக் கணக்கில் தெரியும். தாலுகாக்களில் இருக்கும் பகுதி நேர நிருபர்களில் பலர் செய்தியும் அனுப்புவார்கள், விளம்பரமும் பிடித்துக் கொடுப்பார்கள். யாரிடம் தீபாவளி விளம்பரம் கேட்கப் போகிறாரோ அவரைப் பற்றி ஐப்பசியில் கடுமையாக எழுத அந்த மனிதரால் முடியுமா? எழுதியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என் வணக்கம்.

ஆனால் சாய்வின் பெரும்பகுதி முதலாளி அறையில் பிறப்பதில்லை என்பதை என் மேசையிலேயே பார்த்தேன். ஒரு சித்திரை மாதம், இரவு பதினொன்றரை மணி, பக்கம் முடிய இருபது நிமிடம். மேலூர்ப் பக்கத்திலிருந்து நிருபர் தொலைபேசியில் செய்தி சொன்னார். கோயில் திருவிழாவில் தகராறு, நான்கு பேர் மருத்துவமனையில். 'இரு தரப்பினர் மோதல்: 4 பேர் காயம்' என்று தலைப்பு போட்டு அனுப்பிவிட்டேன். எந்தப் பக்கமும் சாயாத தலைப்பு என்று எனக்குள் ஒரு திருப்தி. மறுநாள் மதியம் கையில் கட்டுப்போட்ட ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். ஏட்டை நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார். அந்தத் தலைப்பின் மேல் விரலை வைத்து, 'ஐயா, நாங்கள் சாமி கும்பிட நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் எப்போது மோதினோம்?' என்று கேட்டார். அடித்தது ஒரு தரப்பு, வாங்கியது இன்னொரு தரப்பு. 'இரு தரப்பினர்' என்ற என் இரண்டு சொற்கள் அடிவாங்கியவரையும் குற்றவாளியாக்கிவிட்டன. திருத்தம் போட்டோம், ஏழாம் பக்கத்தில் மூன்று வரி. அவசரம், பழக்கம், வம்பு வேண்டாம் என்ற எச்சரிக்கை, இவையும் சாய்வை உண்டாக்கும். அன்று யாரும் எனக்குப் பணம் கொடுக்கவில்லை.

நீங்கள் எழுதியிருக்கும் திருப்பரங்குன்றத்தையே எடுத்துக்கொள்வோம். 2025 டிசம்பரில் கார்த்திகை தீபத்தையொட்டி அந்த விவகாரம் சூடாக இருந்தபோது, மலைமேல் உள்ள கல்தூணை ஒரு தரப்பு தீபத்தூண் என்றது, மறு தரப்பு நில அளவைக் கல் என்றது. அது என்ன என்பது அப்போதைய வழக்கின் முக்கியக் கேள்விகளில் ஒன்று. அந்த நிலையில் இரண்டில் ஒரு சொல்லை மேற்கோள் குறி இல்லாமல் தலைப்பில் வைக்கும் ஏடு, தெரிந்தோ தெரியாமலோ ஒரு பக்கம் போய் நின்றுவிடுகிறது. இந்த மலையைப் பற்றிய பழைய வழக்கில் மதுரை சார்பு நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1931இல் தீர்ப்பளித்தது. எந்தப் பகுதி கோயிலுக்கு, எந்தப் பகுதி பள்ளிவாசல் தரப்புக்கு என்று அவற்றில் விவரமாக இருக்கிறது. இரு தரப்பும் மேற்கோள் காட்டும் இந்தத் தீர்ப்புகளை முழுதாகப் படித்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. நீங்கள் யாரை நம்புவது என்று தவிப்பதைவிட அவற்றைப் படிப்பது எளிது. ஆங்கிலம் தடையாக இருந்தால் உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள், உட்காரவைத்துச் சொல்லித் தருவார்.

ஜல்லிக்கட்டில் உங்கள் கோபம் நியாயமானது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு மூன்று பொங்கல்கள் வாடிவாசல் மூடிக் கிடந்தது. அந்தக் காலத்தில் தில்லியிலிருந்து வந்த சில செய்திகளில் இதை ஸ்பெயின் நாட்டுக் காளைச் சண்டையோடு சேர்த்தே எழுதினார்கள். அங்கே காளையைக் குத்திக் கொல்வார்கள். இங்கே திமிலைப் பிடித்துச் சிறிது தூரம் தொங்கினால் பரிசு, மாடு வீட்டுக்குத் திரும்பும். அலங்காநல்லூருக்கு ஒரு நாள் வந்து மாட்டுக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மதுரைத் தமுக்கம் மைதானத்திலும் மெரினாவிலும் இளைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்த பிறகுதான் பலருக்கு விஷயம் புரிந்தது. அந்த மாதமே சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. இதில் மாடுபிடி வீரர்களும் பார்வையாளர்களும் ஆண்டுதோறும் காயப்படுவதையும் இறப்பதையும் எழுதிய செய்திகளும் உண்டு. அவற்றை மரபுக்கு எதிரான சதி என்று சொல்லாதீர்கள். தடுப்பு வேலி உயர்ந்ததற்கும் மருத்துவக் குழு வந்ததற்கும் அந்தச் செய்திகளும் ஒரு காரணம்.

ஆனால் 'எங்கள் பக்கத்து ஊர்களைச் சாதி ஊர்களாகவே காட்டுகிறார்கள்' என்ற வரியில் உங்களோடு உடன்பட முடியாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் நம் மாவட்டத்து ஊராட்சிகள். 1996இல் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு பத்து ஆண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடக்கவில்லை. வேட்புமனு இருக்காது. இருந்தால் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006 அக்டோபரில்தான் நிலைமை மாறியது. அந்தப் பத்து ஆண்டுகளில் ஏடுகள் திரும்பத் திரும்ப எழுதாமல் இருந்திருந்தால் அது இன்னும் நீண்டிருக்கும் என்றே நினைக்கிறேன். மேலூர் அருகே மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஆறு பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இதை எழுதுவது ஊரை அவமானப்படுத்துவது என்றால், எழுதாமல் இருப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

மரபைக் காக்க விரும்புகிற உங்களுக்கு இதில் ஒரு முன்னோடி மதுரையிலேயே இருக்கிறார். 1939 ஜூலை 8 அன்று, மதுரை வழக்கறிஞரும் காங்கிரஸ்காரருமான வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அவர் கடவுளை மறுத்தவர் அல்லர், ஆழ்ந்த பக்தர். அவரை எதிர்த்தவர்களும் மரபின் பெயரால்தான் எதிர்த்தார்கள். மரபுக்குள்ளேயே எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற சண்டை எப்போதும் இருந்திருக்கிறது. 'நான் மரபின் பக்கம்' என்று நீங்கள் சொல்லும்போது அந்த 1939ஆம் ஆண்டு வாசலில் யாரோடு நின்றிருப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிலை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்குத்தான் அப்படித் தெரிகிறதா என்ற வரிக்கு வருகிறேன். 1982இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில், இஸ்ரேல் படை சூழ்ந்திருந்த சப்ரா, ஷட்டிலா பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலையைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேலை ஆதரித்த மாணவர்கள், இது இஸ்ரேலுக்கு எதிரான செய்தி என்றார்கள். அரபுகளை ஆதரித்தவர்கள், இது இஸ்ரேலுக்குச் சாதகமான செய்தி என்றார்கள். இருவரும் பார்த்தது ஒரே காட்சிகள். 1985இல் வெளியான ஆய்வு அது. ஒரு விஷயத்தில் எவ்வளவு ஆழமாக ஈடுபட்டிருக்கிறோமோ அவ்வளவு நடுவான செய்தியும் நமக்கு எதிராகவே தெரியும் என்பதை அதன் பிறகும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், இரண்டும் உண்மை. எவ்வளவு செய்தியின் சாய்வு, எவ்வளவு உங்கள் பார்வையின் சாய்வு என்று அளந்து சொல்ல எனக்கு வழியில்லை. உங்களைப் பார்த்துச் சிரிக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் இதே கண்தான் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். தி.மு.க. அனுதாபி ஒருவரும் பா.ஜ.க. அனுதாபி ஒருவரும் ஒரே நாளில் ஒரே செய்திக்காக என்னைத் தொலைபேசியில் திட்டியிருக்கிறார்கள்.

விவாத நிகழ்ச்சிகளைச் செய்தி என்று எண்ண வேண்டாம். நான்கு பேர் கத்துவதற்கு நிருபர் தேவையில்லை, செலவு குறைவு, அதனால்தான் தினமும் நடக்கிறது. உங்கள் தரப்புக்கு நிதானமாகப் பேசுபவரை அழைக்காமல் சத்தம் போடுபவரையே அழைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பல முறை அப்படித்தான் தோன்றியது. ஆனால் எல்லாத் தரப்புக்கும் அப்படித்தான் அழைக்கிறார்கள் என்றும் தோன்றியது.

யூடியூபை மட்டும் பார்ப்பேன் என்ற முடிவில்தான் எனக்குக் கவலை. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் விமர்சகர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாள் கவனியுங்கள். பெரும்பாலும் காலையில் வந்த ஏட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் உள்ள செய்தியை வாசித்துக் கோபப்படுகிறார்கள். உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய் நான்கு பேரிடம் கேட்டு எழுதியவர், அவர்கள் திட்டுகிற அதே ஏட்டின் நிருபர். அவர் போகாவிட்டால் இவர்களுக்குப் பேச எதுவும் இல்லை. மேலும், நீங்கள் ஏற்கெனவே பார்த்தவற்றை வைத்தே அடுத்த காணொளி உங்கள் முன் வைக்கப்படுகிறது. இது இளைஞர்களைத் தீவிர நிலைக்குத் தள்ளுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை, நானும் அப்படிக் குற்றம் சாட்டவில்லை. ஆனால் ஏட்டில் பிடிக்காத செய்தியும் பிடித்த செய்தியும் ஒரே பக்கத்தில் கிடக்கும். நீங்கள் பக்கத்தைப் புரட்டும்போது கண்ணில் பட்டே தீரும். கைபேசியில் அப்படிப் படுவதில்லை.

'எல்லாரும் விலைபோனவர்கள்' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2007 மே 9 அன்று, வெளியான ஒரு கருத்துக்கணிப்புக்காக, மதுரையில் தினகரன் அலுவலகத்தைக் கும்பல் ஒன்று தாக்கித் தீ வைத்தது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். இருவர் கணினிப் பிரிவில் வேலை பார்த்த இளைஞர்கள், ஒருவர் காவலாளி. கணிப்பை எழுதியதில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. விசாரணை நீதிமன்றம் 2009இல் எல்லாரையும் விடுவித்தது. 2019இல்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நான் வேறு ஏட்டில் இருந்தேன். அன்று மாலை வேலைக்குப் போனபோது எங்கள் அச்சகத்து ஆட்கள் வாசலில் நின்று புகை வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் ஏடு வந்தது.

ஒரு செய்தி தவறு என்று தெரிந்தால் செய்யக்கூடியது இருக்கிறது. முதலில் அந்த ஏட்டின் ஆசிரியருக்குத் தேதி, பக்கம் குறிப்பிட்டு எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்கு எழுதலாம். நாளிதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். அந்த அமைப்பு கண்டிக்கும், எச்சரிக்கும். அபராதம் போட அதற்கு அதிகாரம் இல்லை. தொலைக்காட்சி அதன் வரம்பில் வராது. பலன் கொஞ்சம்தான், ஆனாலும் விவரத்தோடு எழுதப்பட்ட கடிதம் வந்த நாளில் எங்கள் மேசையில் நிச்சயம் பேச்சு நடக்கும். திட்டி எழுதும் கடிதத்தை யாரும் இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை.

வயது ஏறினால் மாறுவீர்களா? 1930களில் அமெரிக்காவின் பென்னிங்டன் கல்லூரியில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. மரபான குடும்பங்களிலிருந்து வந்த மாணவியர் பலர் கல்லூரியில் எதிர்ப்பக்கம் நகர்ந்தார்கள். 25 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலும் அங்கேயே நின்றார்கள். கல்லூரிப் பருவத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது பெரிதாக வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று. நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று சொல்ல அதனால் முடியாது, உங்கள் ஆசிரியராலும் முடியாது.

அதனால் ஒரு நோட்டு வாங்குங்கள். அந்த எட்டுக் கருத்துகளையும் தேதி போட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை நான் நேரில் பார்த்தேனா, வீட்டில் கேட்டேனா, படித்தேனா, காணொளியில் பார்த்தேனா என்று குறித்துக்கொள்ளுங்கள். 17 வயது முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுக்கும் வசதி 2022இலிருந்து இருக்கிறது. 18 ஆனதும் பெயர் சேர்ந்துவிடும். 1989 வரை இந்த உரிமைக்கு 21 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு அப்படித்தான் கிடைத்தது. படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்த நாளில் அந்த நோட்டை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். எட்டில் எது மாறியிருக்கிறது, ஏன் மாறியது என்று இங்கேயே எழுதினால் நான் கட்டாயம் படிப்பேன்.